நக்கிப் பார்த்தால்தான் உப்பா?



வியாழனின் நிலாவான யூரோப்பாவில் நம்ம சோத்து உப்பு இருக்குன்னு போன வாரம் வகுப்பில் சொன்னேன். "நீ போய் நக்கிப் பார்த்தியா?" என்று ஒருவன் கேட்டான். (பேர் வேண்டாம், கடைசி பெஞ்ச்.) எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்குப் பதில் வரவில்லை, இதோ எழுதுகிறேன்.

எந்தப் பொருளும் தன்மேல் விழும் வெளிச்சத்தில் சில நிறங்களை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பும். எது குறையுதுன்னு பார்த்தால் பொருள் இன்னதென்று கண்டுபிடிக்கலாம்.

கலிலியோ விண்கலம் 1995 முதல் 2003 வரை வியாழனைச் சுற்றியது. யூரோப்பாவுக்கு ரொம்பக் கிட்டேயே பல தடவை போனது. ஆனாலும் அந்த உப்பு அதுக்குத் தெரியவில்லை! அதிலிருந்த நிறமாலைக் கருவி அகச்சிவப்பு ஒளியைப் பார்ப்பது. அதில் சோத்து உப்புக்கு அடையாளமே கிடையாது.

பிறகு ஆய்வகத்தில் உப்பைக் குளிரவைத்து, யூரோப்பாவில் விழுவதுபோலக் கதிர்வீச்சைப் பாய்ச்சினார்கள். வெள்ளை உப்பு மஞ்சளாகிவிட்டது! மஞ்சளான உப்பு 450 நானோமீட்டர் பக்கத்தில் நீல ஒளியை விழுங்கும். யூரோப்பாவில் தாரா ரீஜியோ என்ற மஞ்சள் பகுதியை ஹபிள் தொலைநோக்கியால் பார்த்தபோது அதே இடத்தில் ஒளி குறைந்திருந்தது. 2019ல் இதை வெளியிட்டவர்களில் முதல் பெயர் சமந்தா ட்ரம்போ. அப்போது அவர் ஆராய்ச்சி மாணவி. வியாழன் நமக்குக் கிட்ட வரும்போதே சுமார் 60 கோடி கிலோமீட்டர். 2023ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதே பகுதியில்தான் கார்பன் டை ஆக்சைடு அதிகம் என்று காட்டியது. அந்தக் கார்பன் பனிக்கு அடியில் உள்ள கடலிலிருந்து வந்திருக்கும் என்கிறார்கள்.

விண்கலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2024 அக்டோபரில் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் 2030ல் போய்ச் சேரப் போகிறது, போகட்டும். ஆனா கிட்டப் போனாத்தான் எதுவும் தெரியும்னு சொல்றதை ஒத்துக்க மாட்டேன். எங்க வீட்டில் பத்தாவதுக்கு மேல் பக்கத்து டவுனுக்கு அனுப்பவே யோசிக்கிறாங்க. "பொட்டப்புள்ளைக்கு அம்புட்டு தூரம் எதுக்கு"ங்குது அப்பத்தா. வெளிச்சம் மட்டும் யாரையும் கேட்காமல் எங்க வீட்டு வாசல் வரைக்கும் வருது.

நம்ம அறிவியல் பீரோவில் ஒரு முப்பட்டகம் பூட்டியே கிடக்கிறது. ஆறாம் வகுப்பில் ஒரே ஒரு தடவை பார்த்தது. சாவி தலைமையாசிரியர் ஐயாவிடம். ஐயா, வெள்ளிக்கிழமை கடைசி பீரியடுக்கு மட்டும் கொடுங்கள், பத்திரமாகத் திருப்பி வைத்துவிடுகிறோம். கடைசி பெஞ்ச்காரரும் வரலாம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி