மஞ்சள் குளிசையும் எட்டு மாதமும்

கொட்டாஞ்சேனையில இருக்கிற எங்கட அம்மம்மா போன வருசம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கத் தொடங்கினா. "அடுப்பு நூத்தாச்சோ?" பத்து நிமிசத்துக்குள்ள நாலு தரம். கனடாவில இருந்து பெரியம்மா உடனே ஒரு போத்தல் அனுப்பினா. மஞ்சளில் உள்ள குர்குமினைப் பிரிச்செடுத்துச் செய்த குளிசை. மூளை அழற்சியைக் குறைக்குமாம், ஞாபகம் திரும்புமாம். அது முடிய, வெள்ளவத்தை காலி வீதியில ஒரு பார்மசியில வாங்கினம். எட்டு மாதம் போட்டா. டொக்டரிட்டக் கொண்டுபோகேல்ல.

முழுப் பொய் எண்டா சண்டை பிடிக்கிறது சுகம். இது பாதி உண்மை.

மூளைக்கென்றே மைக்ரோகிளியா என்ற நோயெதிர்ப்புக் கலங்கள் உண்டு. 1919 இல் ஸ்பானிய விஞ்ஞானி பியோ டெல் ரியோ ஒர்தேகா அவற்றைத் தனி வகையாக அடையாளம் காட்டினார். கிருமியையும் செத்த கலங்களையும் விழுங்கி அகற்றுவது அவற்றின் வேலை. ஆபத்து தெரிந்தால் அழற்சியைத் தூண்டும் புரதங்களை வெளிவிடும். அது ஓயாமல் நீண்டால் பக்கத்து நரம்புக் கலங்களுக்கும் அடி விழும். அல்சைமர் நோயிலும் இதற்குப் பங்கு உண்டு. ஆய்வுகூடத் தட்டில் இந்தக் கலங்களைப் பக்டீரியாப் பொருளால் சீண்டிவிட்டு குர்குமினை ஊற்றினால், அந்தப் புரதங்கள் உண்மையிலேயே குறைகின்றன. பல ஆய்வுகூடங்கள் இதைக் கண்டிருக்கின்றன.

ஆனா அம்மம்மா தட்டு இல்லையே. விழுங்கிற குர்குமினில் மிகக் கொஞ்சம்தான் இரத்தத்துக்குப் போகும், அதையும் ஈரல் கெதியா மாற்றிவிடும். மூளைக்குப் போய்ச் சேருவது இன்னும் சொற்பம். மிளகோட சேர்த்தாச் சரி எண்டு ஒரு கதை இருக்கு. 1998 இல் பெங்களூரில் செய்த ஆய்வில், மிளகிலுள்ள பைப்பரின் இரத்தத்தில் குர்குமின் அளவைப் பல மடங்கு கூட்டியது மெய்தான். (ரசம் வைக்கிற ஆக்கள் இதை வாசிச்சுப் பெருமைப்படலாம்.) ஆனால் பைப்பரின் ஈரலின் வேலையை மெதுவாக்கித்தான் அதைச் செய்கிறது. அப்ப நாங்கள் போடுற மற்ற மருந்துகளின்ர அளவும் மாறலாம். அம்மம்மா இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை போடுறவ. குர்குமினே இரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டலாம் எண்டு வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது.

மனிதரில் நடந்த பரிசோதனைகள்? 2012 இல் வந்த ஒன்றில் அல்சைமர் நோயாளிகள் 24 கிழமை எடுத்தும் பலனில்லை. 2018 இல் கலிபோர்னியாவில் 40 பேரோட 18 மாதம் நடந்த ஆய்வில், குர்குமின் எடுத்தவர்களுக்கு ஞாபகம் கொஞ்சம் மேம்பட்டது. ஆனால் அவர்களுக்கு மறதி நோய் இல்லை, கொடுத்ததும் உடம்பு நல்லா உறிஞ்சும்படி செய்த தனி வகை. போத்தல் லேபிளில இந்த வித்தியாசம் வராது.

கறிக்கு மஞ்சள் போடுறதில எனக்கு ஒரு குறையும் இல்லை. 2020 இல் இறக்குமதித் தடையால ஒரு கிலோ ஆயிரக்கணக்கில விலை ஏறினபோது நாங்களும் தேடி அலைஞ்ச ஆக்கள்தான். என்ர கோபம், அந்தப் போத்தல் டொக்டரின்ர இடத்தைப் பிடிச்சதில. மறதி வந்தால் தைரொயிட்டையும் பி12 ஐயும் முதல்ல பார்க்கவேணும், ரெண்டும் சாதாரண இரத்தப் பரிசோதனை. குளிசை எதுவும் எடுத்தால் அதையும் டொக்டரிட்டச் சொல்லவேணும்.

அம்மம்மா சைவம். பி12 நல்லாக் குறைஞ்சு கிடந்தது. ஊசி போடத் தொடங்கின பிறகு அடுப்புக் கேள்வி குறைஞ்சிருக்கு, நிக்கேல்ல. முந்தியே வந்திருந்தா? எண்டு டொக்டரிட்டக் கேட்டன். அவ அடுத்த ஊசிக்கான திகதியை எழுதித் தந்தா.