பழங்கணக்கும் புதுப்பொறியும்

பழங்கணக்குப் பார்த்தல் நொடித்துப்போன வணிகனின் வேலை என்று நகையாடுவது நம்மவர் வழக்கு. அதனை நாம் ஏற்கமாட்டோம். உரிய காலத்திற் பழங்கணக்கைப் பார்த்திருப்பின் அவ்வணிகன் நொடித்திரான். ஒரு நிலையத்தின் நேற்றைய நிலையை இன்றுள்ளார்க்கு உள்ளவாறே உரைக்கவல்லது, அந்நிலையம் அன்று எழுதிவைத்த அறிக்கையேயாம். கணினி வந்தபின் இவ்வுண்மை மறக்கப்பட்டு வருகின்றது. விழா மலரிற் பழம்பெருமை பேசுதல் இயல்பு. அப்பெருமைக்குச் சான்றாகும் ஏடுகளின் கதி யாதாகும் என்பதையும் ஈண்டு ஆராய்தல் தகும்.

இக்காலத்து வங்கிகளும் வணிக நிலையங்களும் வணிக நுண்ணறிவு மென்பொருள் எனும் ஒருவகைக் கருவியைக் கையாளுகின்றன. கொழும்பிலே பணிபுரியும் நம் பழைய மாணவர் பலர் அதனை நன்கறிவர். விற்பனை, இருப்பு, வரவு, செலவு முதலிய தரவுகளை ஓரிடத்திலே திரட்டி, வேண்டியபோது அட்டவணையாகவும் வரைபடமாகவும் அறிக்கை வகுத்துத் தருவது அதன் தொழில். பாடசாலைகளும் மாணாக்கர் வரவையும் புள்ளிகளையும் கணினியில் ஏற்றத் தொடங்கியுள்ளன. இது வரவேற்கத்தக்கதே. ஆயின், இதனோடு தவறான எண்ணம் ஒன்றும் உடன்புகுந்துவிட்டது. தரவு உள்ளேயே இருக்கின்றது, வேண்டும்போது மீண்டும் அறிக்கை எடுத்துக்கொள்ளலாம், பழையதைக் காத்துவைப்பானேன் என்பதே அவ்வெண்ணம்.

இதன் பிழையை எளிய உதாரணத்தாற் காட்டுவோம். ஒரு வகுப்பில் மார்ச் மாதத்தில் 40 மாணாக்கர் இருந்தனர் எனக் கொள்க. அதிபர் அவ்வறிக்கையைக் காட்டி 40 மேசைகள் வேண்டுமென எழுதுகின்றார். ஆகஸ்டில் இருவர் விடுகைப் பத்திரம் பெற்றுச் செல்கின்றனர். விலகினோர் பெயரை நீக்கிவிடும் வகையிற் கணினித் தொகுதி அமைந்திருப்பின், திசெம்பரில் மார்ச் மாத அறிக்கையை மீண்டும் எடுக்கும்போது அது 38 என்றே காட்டும். அதிபர் மிகைப்படுத்தி எழுதினார் என்ற பழி வந்துசேரும். அவ்வாறே, சித்தியெய்தும் எல்லையை 40 புள்ளியிலிருந்து 35 ஆகக் குறைத்து, அப்புது விதியைக் கொண்டு பழைய ஆண்டின் அறிக்கையை எடுப்பின், அன்று தவறியோர் சிலர் இன்று சித்தியெய்தியோராகத் தோன்றுவர். எவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் மெய் மறைந்துவிட்டது. மீண்டும் எடுக்கும் அறிக்கை இன்றைய தரவும் இன்றைய விதியும் கூறும் கூற்று. அன்று எதனைக் கண்டு முடிவு செய்தனர் என்பதை அது கூறாது.

உலக வரலாறும் இதற்குச் சான்று பகரும். அமெரிக்காவில் 1890 ஆம் ஆண்டின் குடிசன மதிப்புத் தரவுகள் ஹொலரித் என்பாரின் துளையட்டைப் பொறியாற் கணக்கிடப்பட்டன. இன்றைய கணினி அறிக்கைகளுக்கு முன்னோடி அப்பொறி. 1921 ஆம் ஆண்டு வாசிங்டனில் நேர்ந்த தீவிபத்தில் அம்மதிப்பின் மூலப் படிவங்களிற் பெரும்பகுதி சிதைந்தது. எனினும், அச்சிட்ட அறிக்கைத் தொகுதிகள் எஞ்சின. தரவு போயிற்று, அறிக்கை நின்றது. நம் நாட்டில் 1901 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பை நடத்தி அறிக்கை வரைந்தவர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள். ஏறத்தாழ 35 இலட்சத்து 66 ஆயிரம் மக்களின் தொகையை மாத்திரம் கூறி அமையாது, இந்நாட்டு மக்களின் மொழி, சமயம், வாழ்க்கை ஆகியவற்றையும் அன்னார் விரித்துரைத்தார். அவ்வறிக்கையை இன்றும் ஆய்வாளர் நாடுகின்றனர். எண்களை மாத்திரம் காத்து அவ்வுரையை எறிந்திருப்பின் நாம் இழந்திருக்கக்கூடியது எத்துணை!

கணினியில் உள்ளது அழியாது என நம்பியிருத்தலும் பேதைமை. 2023 ஆம் ஆண்டு ஆகஸ்டில் இலங்கை அரசின் முகில் கணினித் தொகுதி, மீட்புப்பணம் கோரும் தீநிரல் ஒன்றினால் தாக்குண்டது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அரச மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. அக்காலப்பகுதிக்குப் புறம்பான பிரதி இருக்கவில்லை. அரசுக்கே இந்நிலையாயின் ஏனையோர் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

அங்ஙனமாயின் அனைத்தையும் காப்போம் என்பாரும் உளர். அதுவும் பொருந்தாது. குப்பையுள் மாணிக்கம் கிடப்பினும் தேடுவார்க்கு அகப்படாது. மேலும், ஏடு காக்கவும் செய்யும், கொல்லவும் செய்யும். 1983 ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்திலே வெள்ளவத்தை முதலிய இடங்களில் வீடுகள் எரிந்தபோது, அவ்வீட்டாரின் கல்விச் சான்றிதழ்களும் உடன் எரிந்தன. அத்தகையோர் தாம் கற்றதை நிறுவுதற்குப் பாடசாலையின் சேர்வு இடாப்பும் பரீட்சைப் பெறுபேற்றுப் பதிவும் அன்றி வேறு துணை யாது? அதே கலவரத்தில், வாக்காளர் இடாப்பைக் கையிலேந்திய கும்பல்கள் தமிழர் வீடுகளைத் தேடிச் சென்றன என்பதையும் நாம் மறத்தற்கில்லை. ஆதலின், எதனைக் காத்தல், எத்துணைக் காலம் காத்தல், திறவுகோலை எவர் கையிற் கொடுத்தல் என்னும் மூன்றும் ஒருங்கே ஆராயப்படல் வேண்டும்.

சட்டமும் இவ்விரு பக்கத்தையும் நோக்குகின்றது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டம், பகிரங்க அதிகாரசபைகள் தாம் புதிதாக ஆக்கும் பதிவேடுகளைக் குறைந்தது 12 ஆண்டுகள் பேணவேண்டும் என விதிக்கின்றது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஒருவரது தரவை நோக்கத்துக்கு வேண்டிய காலத்தின் மேல் வைத்திருத்தலாகாது என்னும் கோட்பாட்டை உடையது. இவை தம்முள் முரணா. ஒன்று மறதிக்கு வேலி, மற்றையது மிகைக்கு வேலி.

எனவே, நம் கல்லூரிக்கும் பழைய மாணவர் சங்கத்துக்கும் நாம் கூறுவன சில. ஒப்பமிட்டு அனுப்பிய அறிக்கையையும், ஒரு முடிவுக்கு ஆதாரமாகிய அறிக்கையையும் மாற்றவியலாத வடிவிற் காக்க. பி.டி.எவ்.-ஏ எனும் வடிவம் நெடுங்காலப் பேணலுக்கென்றே 2005 இற் சர்வதேச நியமமாக வகுக்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் எடுத்த நாள், எடுத்தவர், கொண்ட விதி ஆகியவற்றைக் குறிக்க. நாளாந்த அறிக்கைகளுக்குத் தவணை வகுத்து, அத்தவணை முடிய அழிக்க. இரு பிரதிகள் இருத்தல் வேண்டும். ஒன்று வெள்ளவத்தையில் இருப்பின் மற்றையது கொட்டாஞ்சேனையிலேனும் இருக்க. அவற்றுள் ஒன்று வலையமைப்போடு தொடர்பற்றதாதல் வேண்டும். ஆண்டறிக்கையையும் சம்பவத் திரட்டின் சுருக்கத்தையும் நல்ல தாளில் அச்சிட்டுக் கட்டிவைக்க. 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் பாடசாலை மலர்களையும் எண்ணிம வடிவிற் பேணிவரும் நூலகம் நிறுவனத்துக்கும் இம்மலரின் பிரதியொன்றை அனுப்புக.

இப்பணிக்கு வேண்டுவது பெரும்பொருளன்று, பொறுப்பேற்கும் ஒருவரே. கணினித் துறையிலே சிறந்து விளங்கும் நம் பழைய மாணவர் இருவர் ஆண்டுக்கு இரு நாள் ஒதுக்கின் அது நிறைவேறும். கட்டடங்களுக்குக் கொடையளித்த கைகள் ஏடுகளுக்கும் காவலாகுக. நூற்றாண்டு மலரை எழுதவிருப்போர் இன்னும் பிறவாத சிறுவராதலுங் கூடும். அவர்கள் நம்மைப்பற்றி மெய்யை எழுதுதல் நாம் இன்று எதனை வைத்துச் செல்கின்றோம் என்பதைப் பொறுத்ததாகும்.