சுருதிக்கு எத்தனை மார்க்கு?

பரீட்சை முடிவுகள் வெளியாகும் காலத்தில் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுத்தான். கணிதத்துக்கு 100, பௌதிகத்துக்கு 50, ரஸாயனத்துக்கு 50 என்று கூட்டி, 200-க்கு இவ்வளவு என்று கணக்கிட்டு எஞ்சினீயரிங் கலாசாலைகளில் இடம் தருகிறார்கள். அரை மார்க்கிலே ஒரு பிள்ளையின் அதிர்ஷ்டம் மாறிவிடுகிறது.

இந்தக் கணக்கைச் சங்கீதத்துக்கும் நடனத்துக்கும் கொண்டுவந்துவிடும் பெற்றோர்கள் அநேகர். அவர்கள் இரு வகையினர். "இத்தனை மார்க்கு வாங்கிய பெண்ணைப் பாட்டுக் காலேஜில் சேர்ப்பதாவது!" என்பார் ஒருவர். "மார்க்குத்தான் வரவில்லையே, பாட்டிலாவது சேர்த்துவிடுவோம்" என்பார் மற்றொருவர். இருவர் பேச்சும் ஒன்றுதான். சங்கீதம் என்பது வேறு எதற்கும் உதவாதவர்களின் புகலிடம் என்பதே இருவர் கருத்தும்.

கலாசாலைகளோ அப்படிக் கருதவில்லை. 1936-இல் ருக்மிணி தேவி அருண்டேல் அடையாற்றில் தொடங்கி, இப்போது திருவான்மியூரில் நடந்துவரும் கலாக்ஷேத்திரத்தில் நடனம் கற்க விரும்பும் மாணவி நேரில் வந்து தன் தகுதியைக் காட்டியாக வேண்டும். பள்ளிப் படிப்பில் தேறியிருப்பது வாசற்படி மாத்திரமே. படியேறி வந்தவளிடம் தேகக்கட்டு, தாளக்கட்டு, செவிஞானம் இவற்றைத்தான் பார்ப்பார்கள். நியூயார்க்கிலுள்ள ஜூலியார்டு போன்ற புகழ்பெற்ற சங்கீதக் கலாசாலைகளிலும் வாசித்துக் காட்டித்தான் இடம் பெற வேண்டும். சுருதி விலகினால், கணிதத்தில் வாங்கிய நூறு மார்க்கு வந்து அதை இழுத்துப் பிடிக்காது.

சரித்திரத்தைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. 1949-இல் சென்னையில் கர்நாடக சங்கீதத்துக்கென்று அரசாங்கக் கலாசாலை ஏற்பட்டபோது, அதன் முதல் தலைவராக அமர்ந்தவர் முசிரி சுப்பிரமணிய ஐயர். அங்கே போதித்தவர்களுள் ஒருவர் டி. பிருந்தா. வீணை தனம்மாளின் பேத்தியாகிய அந்த அம்மையார் பாட்டியின் வீட்டுச் சங்கீதத்தில் வளர்ந்து, காஞ்சீபுரம் நாயனாப் பிள்ளையிடம் சிட்சை பெற்றவர். பிற்காலத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் சர்வகலாசாலையே அவரை அழைத்துப் போதிக்கச் செய்தது. தனம்மாளின் மற்றொரு பேத்தியான நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி, வெஸ்லியன் சர்வகலாசாலையில் மாணவர்களுக்குக் கற்பித்தார். இவர்களை ஆசிரியர்களாக ஏற்ற கலாசாலைகள் பார்த்தது வித்வத்தை. மார்க்குப் பட்டியலை அல்ல.

ஆகையால் படிப்பே வேண்டாம் என்று யாரேனும் முடிவு கட்டினால், அதற்கும் நாம் உடன்பட மாட்டோம். காலம் மாறிவிட்டது. இன்று கலாசாலை ஆசிரியராக விரும்புகிறவர், பொது விதிப்படி, முதுகலைப் பரீட்சையில் நூற்றுக்கு 55 மார்க்காவது பெற்று, தேசியத் தகுதித் தேர்விலும் தேற வேண்டும். அல்லது டாக்டர் பட்டம் வாங்க வேண்டும். கச்சேரி மேடையில் எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை. டிசம்பரில் பாடுகிறவர்கள் மற்றப் பதினொரு மாதமும் ஜீவிக்க வேண்டும் அல்லவா? போதனைத் தொழிலே பலருக்குச் சோறு போடுகிறது. பள்ளிப் படிப்பை அலட்சியம் செய்த பிள்ளை, பாட்டில் கெட்டிக்காரனாயிருந்தும், முப்பதாவது வயதில் அந்த வாசலில் நின்று தவிக்க நேரும்.

கலைக்கும் படிப்பு வேண்டும். தெலுங்கும் ஸம்ஸ்கிருதமும் தமிழும் அர்த்தம் தெரியாமல் வாயில் புரண்டால் பாவம் எங்கிருந்து வரும்? எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களின் அமைப்பும், தாளங்களின் அங்கக் கணக்கும் கூர்மையான புத்திக்கே பிடிபடும்.

எனவே பெற்றோர்களுக்கு நமது யோசனை இது. மார்க்குப் பட்டியலைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, நல்ல வித்வான் ஒருவரிடம் குழந்தையை அழைத்துச் சென்று, தாட்சண்யமின்றி அபிப்பிராயம் கேளுங்கள். யாரும் சொல்லாமலே அந்தக் குழந்தை விடியற்காலையில் தம்பூராவை மீட்டுகிறதா என்றும் கவனியுங்கள். இரண்டும் சாதகமாயிருந்தால், மார்க்கு மிகுதி என்பதற்காகத் தடுக்க வேண்டாம். இரண்டும் பாதகமாயிருந்தால், மார்க்குக் குறைவு என்பதற்காகச் சரஸ்வதியின் சந்நிதியில் கொண்டுபோய்த் தள்ளவும் வேண்டாம். அது குழந்தைக்கும் கஷ்டம், கேட்பவர்களுக்கும் கஷ்டம்.