பலம் கையில் இல்லை, இடுப்பில்!

2021 ஆகஸ்ட் 7-ஆம் தேதி, விடியற்காலை. அடுப்படியில் டிகாக்ஷன் இறங்கிக்கொண்டிருந்தது. டி.வி.யில் டோக்கியோ ஒலிம்பிக்ஸ். பெங்களூர்ப் பெண் அதிதி அசோக் கோல்ஃப் பந்தயத்தில் மெடல் வாங்குவாளா, மாட்டாளா என்று, அந்த விளையாட்டில் அரிச்சுவடிகூடத் தெரியாத நாங்கள் எல்லோரும் கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தோம். மட்டைப் பையைச் சுமந்துகொண்டு அவள் கூடவே நடந்தவர் யார் தெரியுமா? அவளைப் பெற்ற அம்மா! (இப்படிப் பை தூக்கி, யோசனையும் சொல்கிறவருக்குக் 'கேடி' என்று பெயர். நம் ஊர் அர்த்தத்தில் அல்ல!) கடைசியில் ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் வெண்கலம் கைநழுவிப் போய், நான்காவது இடம் கிடைத்தது.

என் மாமியாருக்கு மெடலைவிட வேறொரு கவலை. "ஏம்மா, தங்கம் வாங்கின அந்த அமெரிக்கப் பொண்ணும் ஒல்லி, நம்ம பொண்ணும் ஒல்லி. கையிலே சதையே காணோம். பந்து மட்டும் எப்படி அந்தக் கோடிக்குப் போகுது?" என்றார்.

நியாயமான கேள்விதானே! அந்தப் பந்தின் எடை 46 கிராமுக்குள்தான். ஒரு கோழி முட்டையைவிடச் சற்றுக் குறைவு. நெடுந்தூர அடிக்கான மட்டையை முதல்தரப் பெண்கள் வீசும்போது, அதன் தலை மணிக்குச் சராசரியாக 150 கிலோமீட்டர் வேகத்தில் வந்து பந்தைத் தொடுகிறது. ஆண்களானால் 180-க்கும் மேலே. இத்தனை வேகம் கையிலிருந்து வரவே வராது. கைதான் கடைசி ஆள்.

துவைக்கிற கல்லில் கனமான போர்வையை அடித்துத் துவைத்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். புதிதாக அடிப்பவள் கையாலேயே அடிப்பாள். பத்து அடியில் தோள் விட்டுப்போகும். பழகினவள் காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, அப்புறம் தோள், அப்புறம் கை என்று விடுவாள். துணியின் நுனி 'பளீர்' என்று தானே கல்லில் விழும்.

கோல்ஃபிலும் அதே வரிசைதான். மட்டையைப் பின்னால் ஓங்கும்போது தோள் ஏறத்தாழ 90 டிகிரி திரும்புகிறது. இடுப்பு அதில் பாதிதான். இந்த வித்தியாசத்தால் முதுகிலும் விலாப்பக்கத்திலும் உள்ள தசைகள் ரப்பர் பாண்டு மாதிரி இழுபட்டு நிற்கின்றன. விசேஷம் என்னவென்றால், மட்டை இன்னும் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போதே, நல்ல ஆட்டக்காரரின் இடுப்பு முன்பக்கம் திரும்ப ஆரம்பித்துவிடும். ரப்பர் இன்னும் கொஞ்சம் இழுபடும்.

அதற்கப்புறம் நடப்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். இடுப்பு வேகமெடுக்கிறது, எடுத்தவுடனே தணிகிறது. அது தணியும்போது வேகம் மார்புக்குப் போகிறது. மார்பு தணிந்து கைக்கு, கை தணிந்து மட்டைக்கு. ஒவ்வொருத்தரும் தன் பங்கை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிற மாதிரி! ஒதுங்காமல் எல்லாம் ஒரே சமயத்தில் திரும்பினால் அடியில் உயிர் இருக்காது. இத்தனைக்கும் மூலம் பாதம். முன்காலை அழுத்தி ஊன்றும்போது தரையில் விழும் அழுத்தம் உடல் எடையைவிட அதிகமாகிறது. தரை அதைத் திருப்பிக் கொடுக்கிறது. அமெரிக்காவின் லெக்ஸி தாம்ஸன் அடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பந்தைத் தொடுகிற கணத்தில் குதிகால்கள் தரையை விட்டு எழும்பிவிடும்.

சரி, பலம் வந்தது. நூறு தடவையும் ஒரே மாதிரி அடிப்பது எப்படி? மேலிருந்து மட்டை இறங்கிப் பந்தைத் தொட ஏறத்தாழ கால் விநாடிதான் ஆகிறது. 'ஐயோ, தப்பாக வருகிறதே' என்று நடுவில் திருத்த நேரமில்லை. ஆகவே ஆரம்பத்தின் வரிசையைத்தான் பழக வேண்டும். ஜிம் ஃப்யூரிக் என்ற அமெரிக்கர் மட்டையை ஓங்குவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆகாயத்தில் ஏதோ கோலம் போடுகிற மாதிரி! ஆனால் அவர் 2003-ல் யு.எஸ். ஓப்பன் ஜெயித்தார், 2016-ல் ஒரு சுற்றை 58 அடிகளில் முடித்து, அமெரிக்காவின் பி.ஜி.ஏ. டூரிலேயே அதுவரை யாரும் செய்யாததைச் செய்தார். மேலே எப்படிப் போனாலும், கீழே வரும்போது முறை தப்புவதில்லை.

இனி, இந்தப் பக்கத்தில் இதை எழுதியதற்கான காரணத்துக்கு வருகிறேன். நம் நடுமுதுகும் இடுப்பு மூட்டும் நன்றாகத் திரும்பக்கூடியவை. இரண்டுக்கும் இடையே கீழ்முதுகில் உள்ள ஐந்து முள்ளெலும்புகள் குனிய, நிமிரத்தான் ஏற்றவை. அங்கே திரும்புவதற்கு இடம் மிகக் குறைவு. மேலே சொன்ன ரப்பர் முறுக்கில் சுமை அங்கேதான் விழுகிறது. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு அதிகம் வருவது கீழ்முதுகு வலி. டைகர் வுட்ஸுக்கு 2014-லிருந்து முதுகில் பலமுறை ஆபரேஷன். 2017-ல் கீழ்முதுகின் கடைசி எலும்பை அதற்கடுத்த எலும்போடு சேர்த்தே வைத்துவிட்டார்கள். 2019-ல் அவர் மாஸ்டர்ஸ் பந்தயத்தை ஜெயித்தது வேறு கதை! ஆட்டம் ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் முந்தைய தலைமுறையின் ஜாக் நிக்லஸ், ஓங்கும்போது இடது குதிகாலைத் தூக்கிவிடுவார். இடுப்பும் சேர்ந்து திரும்பும். முதுகுக்கு முறுக்கு குறையும். 46 வயதில், 1986-ல், அவரும் மாஸ்டர்ஸ் ஜெயித்தார். நான் நிக்லஸ் கட்சி!

பிரசவமான புதிதில் வயிற்றுத் தசைகள் தளர்ந்திருக்கும். மூட்டுகளைப் பிணைக்கும் நார்களும் இளகியிருக்கும். அந்தச் சமயத்தில் நாம் என்ன செய்கிறோம்? பாதத்தை ஆணி அடித்தாற்போல் வைத்துக்கொண்டு, இடுப்புக்கு மேலே மட்டும் திரும்பித் தொட்டிலிலிருந்து குழந்தையை எடுக்கிறோம். தண்ணீர்க் குடத்தையும் அப்படியேதான். நிக்லஸ் மாதிரி பாதத்தைத் திருப்புங்கள். தொட்டிலுக்கு நேரே நில்லுங்கள், முழங்காலை மடியுங்கள், குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு காலால் எழுந்திருங்கள். திரும்புவதானால் இரண்டு எட்டு வைத்தே திரும்புங்கள்.

இருமினால், தும்மினால் வலி காலுக்கு இழுக்கிறதா? பாதம் மரத்துப்போகிறதா? தைலத்தை நம்பி இருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீர் அடங்காமல் போனாலோ, வராமல் அடைத்துக்கொண்டாலோ, தொடையிடுக்கில் உணர்ச்சி குறைந்தாலோ, மறுநாள் காலை வரைக்கும்கூடப் பொறுக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.