கைப்பிடி அரிசிக்குப் பதில் கவரா?

எங்கள் சபையில் கைப்பிடி அரிசிக் காணிக்கையை நிறுத்திவிட்டு, மாதம் ஒருமுறை கவரில் பணம் போடச் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

மறைந்த எங்க ஆச்சி, ஒன்பது பேருக்கு உலை வைக்கும்போதும் முதலில் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டு, ஜெபம் பண்ணிட்டுத்தான் அரிசி களைவாங்க. கஷ்ட காலத்திலும் அந்தப் பிடி குறைந்ததில்லை. (தாத்தா முணுமுணுப்பார், அது தனிக்கதை!) 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், குமரிக் கடற்கரையைச் சுனாமி தாக்கியபோது, அந்த அரிசியோடு பண்டிகை முறுக்கையும் தூக்கிக்கொண்டு முகாமுக்குப் போய்க் கஞ்சி காய்ச்சினாங்க. வயது 72. தினமும் அடுத்தவர் பசியை நினைத்த கைக்கு யாரும் சொல்லணுமா?

கவர் என்றால் அது வீட்டுக்காரர் பணம். சம்பளமில்லாத நாங்கள் சொந்தமாகக் கொடுப்பது அந்த ஒரு பிடிதானே! இரண்டும் இருக்கட்டும் என்று குருவானவரிடமும் சொல்லிவிட்டேன்.

- ஒரு வாசகி, நாகர்கோவில்.