பெயரை நீக்குவது ஒரு கோடு. திரும்பச் சேர்ப்பது ஒரு போராட்டம்

2025 டிசம்பர் 9 அன்று திருவனந்தபுரம் மாவட்ட மக்கள் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களித்தனர். சரியாக இரண்டு வாரங்கள் கழித்து, டிசம்பர் 23 அன்று, சட்டமன்றத் தேர்தலுக்கான வரைவு வாக்காளர் பட்டியல் கேரளத்தில் வெளியானது. முந்தைய பட்டியலில் இருந்த 24 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இல்லை. டிசம்பரில் வாக்களித்த ஒருவர், விரலில் வைத்த மை மறைவதற்குள் வாக்காளர் என்ற தகுதியையே இழந்திருக்கக் கூடும்.

இது எப்படிச் சாத்தியம்? உள்ளாட்சித் தேர்தலுக்கான பட்டியலைத் தயாரிப்பது மாநிலத் தேர்தல் ஆணையம். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்குமான பட்டியல் இந்தியத் தேர்தல் ஆணையத்தின் பொறுப்பு. ஒன்றில் பெயர் இருப்பது மற்றதில் இருப்பதற்கு உத்தரவாதம் அல்ல. இந்த வேறுபாட்டை அறியாத உழைப்பாளி, வாக்குச்சாவடிக்குச் சென்று திரும்பும் நாளில்தான் தன் இழப்பை அறிவார்.

‘சிறப்பு தீவிர திருத்தம்’ என்னும் இந்நடவடிக்கையின் ஆதரவாளர்கள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கின்றனர்: இறந்தோர் பெயரையும் இரட்டைப் பதிவுகளையும் நீக்க வேண்டாமா? நீக்கத்தான் வேண்டும்; அதை எவரும் எதிர்க்கவில்லை. அதற்கு ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 22ஆவது பிரிவு, இடம் மாறியவர் என்றோ தகுதியற்றவர் என்றோ ஒருவரின் பெயரை நீக்குமுன் அவர் தரப்பைக் கேட்க நியாயமான வாய்ப்பளிக்க வேண்டும் என்கிறது. பட்டியலில் ஏற்கெனவே இடம்பெற்றவரை எடுத்த எடுப்பில் சந்தேகிக்கக் கூடாது என்பதே 1995ஆம் ஆண்டு லால்பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் சாரம்.

சிறப்பு தீவிர திருத்தம் இதைத் தலைகீழாக்கியது. கணக்கீட்டுப் படிவம் திரும்பி வராதவரின் பெயர் வரைவுப் பட்டியலிலேயே ஏறவில்லை. கேரளத்தில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ‘கண்டறியப்படாதோர்’ எனக் கணக்கிடப்பட்டனர். அலுவலர் வீட்டுக்கு வரும் பகற்பொழுதில் வீட்டில் இருக்க இயலாதவர் யார்? சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமப்பவர். பூந்துறையிலிருந்து கடலுக்குச் சென்றவர். ஆண்டுதோறும் வாடகை வீடு மாறுபவர். அவர்கள் காணாமற்போனவர்கள் அல்லர், வேலைக்குப் போனவர்கள். முப்பது ஆண்டுகள் வாக்களித்தவரும் இனி புதிய வாக்காளருக்கான படிவம் 6ஐ நிரப்பி, உறுதிமொழியும் இணைத்து வரிசையில் நிற்க வேண்டும். நீக்குவதற்கு அரசுக்குச் செலவு ஒரு கோடு. சேர்வதற்கு உழைப்பாளிக்குச் செலவு பல நாள் கூலி.

எல்லையைக் கடந்து பிழைப்போரின் நிலை இன்னும் கடினமானது. குமரி மாவட்டத்திலிருந்து களியக்காவிளை, பாறசாலை வழியே திருவனந்தபுரத்துக்கு வேலைக்கு வந்து தங்கியோர் பலர். தமிழகத்திலும் இதே வேளையில் பட்டியல் திருத்தப்பட்டு, 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் வரைவுப் பட்டியலில் விடுபட்டன. அங்கே ‘குடிபெயர்ந்தவர்’, இங்கே ‘ஆவணம் இல்லாதவர்’ என்று இரு பட்டியல்களுக்கும் இடையில் ஒரு குடிமகன் தொலைந்துபோக முடியும்.

சொத்தையும் தாளையும் காட்டியே குடிமகன் என்று நிரூபிக்க வேண்டிய காலம் திருவிதாங்கூருக்குப் புதிதல்ல. 1904இல் தொடங்கப்பட்ட ஸ்ரீமூலம் பிரஜா சபை நிலவுடைமையாளர்களின், வணிகர்களின் மன்றமாகவே இருந்தது. வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி அதில் நியமன உறுப்பினராகத்தான் நுழைய முடிந்தது. அவரைத் தேர்ந்தெடுக்க அவருடைய மக்களுக்கு வாக்கு இல்லை. 1930களில் ஈழவரும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இணைந்து நிவர்த்தனப் போராட்டம் நடத்தினர். சி.கேசவன் 1935இல் கோழஞ்சேரியில் ஆற்றிய உரைக்காகச் சிறை சென்றார். அந்தப் போராட்டங்களின் தொடர்ச்சியாகவே 1948இல் திருவிதாங்கூர் மக்கள் வயதுவந்தோர் வாக்குரிமை அடிப்படையில் தம் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தனர். அரசியலமைப்பின் 326ஆவது பிரிவு அவ்வுரிமையை நாடு முழுமைக்கும் உரியதாக்கியது. அன்று வரி ரசீது. இன்று தாய் தந்தையின் பிறப்புச் சான்று. தாளின் பெயர்தான் மாறியிருக்கிறது.

2025 செப்டம்பர் 29 அன்று கேரள சட்டமன்றம் இத்திருத்தத்துக்கு எதிராக ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆளும் இடது ஜனநாயக முன்னணியும் எதிர்க்கட்சியான ஐக்கிய ஜனநாயக முன்னணியும் அதில் ஒன்றாக நின்றன. ஒன்றிய ஆட்சியாளர்களும் ஆணையமும் செவிசாய்க்கவில்லை. நீதிமன்றத்திலும் வீதியிலும் எதிர்ப்பு தொடர வேண்டும். ஆனால் தீர்ப்பு வரும் வரை காத்திருப்பவரின் பெயர் பட்டியலில் தானாக ஏறிவிடாது.

ஆகவே, ஒவ்வொரு வாக்குச்சாவடிப் பகுதியிலும் பட்டியலை வீடு வீடாக எடுத்துச் சென்று சரிபார்ப்பது உடனடிக் கடமை. பெயர் இல்லாதவருக்கும் 18 வயது நிறைந்தவருக்கும் படிவம் 6. வீடு மாறியவருக்கும் பிழை திருத்தவும் படிவம் 8. யாரேனும் படிவம் 7 மூலம் ஆட்சேபம் எழுப்பினால், அழைப்பாணை வந்த நாளில் அலுவலர் முன் தனியாக அல்ல, தோழர்களுடன் நிற்க வேண்டும். இரு மாநிலத் தொடர்புள்ளவர் தாம் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில் மட்டுமே பதிய வேண்டும். இரண்டு இடங்களில் பதிவது சட்டப்படி செல்லாது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடமும், அங்கும் நீதி கிடைக்காவிடில் 30 நாட்களுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பின் எந்தப் பெயரும் சேராது. விண்ணப்பம் அதற்குப் பல நாள் முன்பே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

மக்கள் அரசைத் தேர்ந்தெடுப்பது ஜனநாயகம். அரசு தனக்கு வேண்டிய மக்களைத் தேர்ந்தெடுப்பதற்கு வேறு பெயர் உண்டு. அதை முறியடிக்கும் வேலை வாக்குப்பதிவு நாளில் தொடங்குவதல்ல; பட்டியலைக் கையில் எடுத்து முதல் வீட்டின் கதவைத் தட்டும்போதே தொடங்குகிறது.