பொதுக் காரியமும் புரூக்ளின் மைதானமும்

'எல்.ஏ.' என்று இரண்டு எழுத்து பின்னிய நீலத் தொப்பியை நடைபாதைக் கடைகளில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது டாட்ஜர்ஸ் என்ற பேஸ்பால் குழுவின் தொப்பி. ஆட்டம் நம் தெருவுக்கு வராவிட்டாலும் தொப்பி வந்துவிட்டது! ஆனால் அந்தக் குழு லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்ததல்ல. நியூயார்க்கின் ஒரு பகுதியான புரூக்ளினில் பிறந்து வளர்ந்து, 1957-ல் ஊரை விட்டுப் போனது. அது விட்டுப்போன எபெட்ஸ் ஃபீல்டு மைதானத்தை 1960-ல் இடித்துத் தள்ளினார்கள்.

அந்த மைதானத்துக்காக அமெரிக்கர்கள் இன்றும் உருகுகிறார்கள். அந்த உருக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதில் சிலரை மறந்துவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

குழுவின் அன்றைய முதலாளி சார்லஸ் எபெட்ஸ். மைதானம் கட்ட அவர் தேர்ந்தெடுத்தது குப்பை மேடும் ஏழைகளின் குடிசைகளும் இருந்த இடம். பன்றிகள் மேய்ந்ததால் 'பிக்டவுன்' என்று பெயர். வாங்குவது யார் என்று தெரிந்தால் விலை ஏறிவிடும் என்று, வேறு கம்பெனி பெயரில் 1908-லிருந்து துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்தார். கையிருப்பு கரைந்து, கட்டி முடிப்பதற்காகக் குழுவிலேயே பாதிப் பங்கை விற்க வேண்டி வந்தது. 1913-ல் திறந்தபோது நுழைவு மண்டபத்தில் பளிங்குத் தரை, பேஸ்பால் மட்டைகளையே கிளைகளாக வைத்த சரவிளக்கு. எல்லாம் இருந்தது, பத்திரிகைக்காரர்கள் உட்கார மட்டும் இடம் கட்டவில்லை!

பெரிய மைதானமல்ல. பின்னாளில் விரிவாக்கிய பிறகும் சுமார் 32,000 பேர்தான் உட்காரலாம். அதனாலேயே ஆட்டக்காரர் முகத்தைப் பார்த்துப் பேர் சொல்லித் திட்டலாம். ஹில்டா செஸ்டர் என்ற அம்மாள் மாட்டு மணியை ஆட்டிக்கொண்டு போடும் சத்தம் ஊர்ப் பிரசித்தம். ஸ்கோர் பலகைக்கு அடியில் ஏப் ஸ்டார்க் என்ற துணிக்கடைக்காரரின் விளம்பரம்: இதில் பந்தை அடித்தால் ஒரு சூட் இலவசம். இத்தாலியர், யூதர், ஐரிஷ்காரர், கறுப்பினத்தார் என்று பல இடங்களிலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊர் அது. வீட்டில் ஆளுக்கொரு மொழி. மைதானத்தில் எல்லோரும் புரூக்ளின்காரர். ஊர் விட்டு ஊர் வந்து சங்கம் வைத்து வாழும் நமக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் இங்கேதான் களம் இறங்கினார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பெரிய லீகுகளில் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு அடைத்துவைத்திருந்த கதவு அன்று திறந்தது. அந்த ஆண்டு 18 லட்சம் பேர் ஆட்டம் பார்த்தார்கள். உலகத் தொடரில் மட்டும் நியூயார்க் யாங்கீஸிடம் திரும்பத் திரும்பத் தோல்வி. கடைசியில் 1955-ல் கோப்பை வந்தது. இரண்டே ஆண்டில் குழுவே போய்விட்டது.

வால்டர் ஓமாலி அப்போது முதலாளி. குழு லாபத்தில்தான் ஓடியது. ஆனால் மைதானம் பழசாகிவிட்டது. சுமார் 700 கார்கள் நிறுத்தத்தான் இடம். ரசிகர்களில் பலர் புறநகருக்குக் குடிபோய்க் காரில் வருபவர்களாகிவிட்டார்கள். புரூக்ளினிலேயே, அட்லாண்டிக் அவென்யூ ரயில் நிலையத்தருகே புது மைதானம் கட்ட விரும்பினார். கட்டும் செலவு என்னுடையது, நிலத்தை மட்டும் அரசு கையகப்படுத்திக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றார். நகர நிர்மாணத்தில் சர்வ வல்லமை படைத்திருந்த ராபர்ட் மோசஸ் மறுத்தார். 1949-ம் ஆண்டு வீட்டு வசதிச் சட்டத்தின் கீழ், தனியார் ஒருவரின் மைதானம் பொதுக் காரியம் ஆகாது என்பது அவர் வாதம். வேண்டுமானால் குவீன்ஸில் ஃபிளஷிங் மெடோஸுக்குப் போகலாம் என்றார். அது புரூக்ளின் அல்லவே!

பழைய ரசிகர்களில் ஒரு சாரார் ஓமாலியைச் சபிக்கிறார்கள், இன்னொரு சாரார் மோசஸை. மோசஸ் சொன்னது சரி என்றே எனக்குத் தோன்றுகிறது, தம் நெடுஞ்சாலைகளுக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்களை எழுப்பியவர் அதைச் சொன்னது வேடிக்கை என்றாலும். 1956-லேயே ஓமாலி மைதானத்தை ஒரு கட்டட வியாபாரிக்கு விற்றுவிட்டார். 1957 செப்டம்பர் 24 அன்று நடந்த கடைசி ஆட்டத்துக்கு வந்தவர்கள் 6,702 பேர்.

1960 பிப்ரவரி 23 அன்று இடிக்க வந்த இரும்புக் குண்டுக்குப் பேஸ்பால் மாதிரி வெள்ளை வர்ணம் பூசி, சிவப்புத் தையலும் வரைந்திருந்தார்கள். விபத்தில் முடங்கிப்போன பழைய ஆட்டக்காரர் ராய் கேம்பனெல்லா சக்கர நாற்காலியில் வந்திருந்தார். மைதானத்து மண்ணைக் கலசத்தில் அவரிடம் கொடுத்தார்கள். துக்க வீட்டில் இந்த வர்ண விளையாட்டு எதற்கு? அதே குண்டு 1964-ல் நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தையும் இடித்தது.

அந்த இடத்தில் 1962-ல் சுமார் 1,300 வீடுகள் கொண்ட அடுக்குமாடிகள் எழுந்தன. சுவரில் 'பந்து விளையாடக் கூடாது' என்று பலகை! அதைக் காட்டி வருத்தப்படுகிறவர்களோடு என்னால் முழுதும் சேர முடியவில்லை. 1,300 குடும்பத்துக்குக் கூரை கிடைத்ததே.

நாம் வருத்தப்பட வேண்டிய இடம் மூவாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் சாவேஸ் ரவீன் என்ற பகுதியில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் வாழ்ந்துவந்தன. ஏழைகளுக்கு அரசு வீடு கட்டப்போகிறோம், காலி செய்யுங்கள் என்று 1950-ல் கடிதம் வந்தது. அதே 1949 சட்டம்தான். பெரும்பாலோர் போனார்கள். 1953-ல் வந்த புதிய மேயர் வீட்டுத் திட்டத்தையே கைவிட்டார். பொதுக் காரியத்துக்கு என்று எடுத்த அந்த நிலம் கடைசியில் போய்ச் சேர்ந்தது ஓமாலியிடம். எஞ்சியிருந்த சில குடும்பங்களை 1959 மே மாதம் போலீஸார் தூக்கி வெளியே போட்டார்கள். 1962-ல் அங்கே டாட்ஜர் ஸ்டேடியம் திறந்தது. பிக்டவுனில் தொடங்கிய கதை.

ஒரு சட்டம், இரண்டு ஊர், இரண்டு அர்த்தம். 'பொதுக் காரியம்' நமக்கும் புதிய சொல்லல்ல. நம் நாட்டு 1894-ம் வருடச் சட்டத்திலும் உண்டு, அதை மாற்றி 2013-ல் கொண்டுவந்த சட்டத்திலும் உண்டு. எபெட்ஸ் ஃபீல்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் சாவேஸ் ரவீனையும் சேர்த்துப் பேசட்டும்.

புரூக்ளினிலேயே கதை இன்னும் ஒரு சுற்று வந்தது. ஒரு தனியார் கட்டட நிறுவனத்தின் கூடைப்பந்து அரங்குக்கும் அடுக்குமாடிகளுக்குமாக அரசு நிலம் எடுத்தது. குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். பொதுக் காரியம்தான் என்று நியூயார்க் மாநில உச்ச நீதிமன்றம் 2009-ல் தீர்ப்புச் சொன்னது. 2012-ல் திறந்த அந்த அரங்கு, அன்று ஓமாலி கேட்ட இடத்துக்குச் சாலையின் எதிர்ப்பக்கம் இருக்கிறது.